வான்கோழி மீந்த வெள்ளிக்கிழமை

எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்தெடுப்பது இத்தனை அமைதியான வேலை என்பதை எழுபத்துமூன்று வயதுவரை நான் அறியாமலே இருந்திருக்கிறேன். விரல்கள் தாமே வழி கண்டுகொள்கின்றன. நெஞ்செலும்பின் இருபுறமும் வெண்மையாக, நார்நாராக, நேற்று எவரும் கைவைக்காத இறைச்சி. ஒன்பது கிலோ எடையுள்ள பறவை இது. ஒரு தொடையும் மார்பில் நாலைந்து துண்டுகளும் மட்டுமே குறைந்திருக்கின்றன. அவையும் விருந்தினர் மரியாதைக்காகத் தட்டில் வாங்கி, தலைகுனிந்தபடி பாதியில் விட்டுச்சென்றவை. நன்றி செலுத்துவதற்கென்று ஒரு நாட்டார் ஒரு நாளை ஒதுக்கிவைத்து, அந்த நாளில் ஒரு வான்கோழியை முழுதாகச் சுட்டு உறவையும் நட்பையும் கூட்டி உண்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் மகிழ்ந்துதான் போனேன். அந்த நன்றியை மேசையில் சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. நானும் சொன்னேன். இப்போது காலை மணி பத்து. மருமகன் ரூபன் ஏழு மணிக்கே மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டார். மாடியில் என் மகள் கெத்சியாள் இருக்கிறாள். நேற்று மாலை நான்கு மணிக்கு, என் ஜெபத்தின் நடுவே எழுந்து மேலே போனவள் இன்னும் இறங்கவில்லை. தண்ணீர்க் குழாயில் ஓர் ஓசை வந்தது. அவள் முகம் கழுவுகிறாளோ? இல்லை, வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் இருமுகிறது. ஒஹாயோவின் இந்த மரவீட்டில் மேலே ஒருவர் புரண்டு படுத்தாலும் கீழே தெரியும் என்று வந்த அன்று ரூபன் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அசையவே இல்லையா? ஏன் அசையவில்லை? கையிலிருந்த சிறகெலும்பு நழுவித் தட்டில் விழுகிறது. அந்தச் சத்தத்துக்கு நானே பயந்துபோகிறேன்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது: வியாழன், வான்கோழி. வெள்ளி, மீந்ததில் பை. சனி, எலும்பு சூப். பை என்றால் இறைச்சியும் காய்கறியும் பால்குழம்பும் சேர்த்து, மாவுத்தகட்டுக்குள் வைத்து மூடி அடுப்பில் வேகவைப்பது. செய்முறையையும் அச்செடுத்து அருகிலேயே செருகியிருக்கிறாள். போன வாரம், 'அப்பா, ஒங்களுக்கு இது பிடிக்கும் பாருங்க, நம்மூரு பப்ஸ் மாதிரிதான்' என்றாள். ஐந்து மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு விருப்பம் தொனித்தது அன்றைக்குத்தான். அந்த விருப்பத்தை நான்தான் அணைத்தேன். அணைத்தவனே ஊதிப் பற்றவைக்க முடியுமா என்று பார்க்கிறேன். வேறு எதற்காக இந்தக் கிழவன் சமையலறைக்குள் நுழைந்தான்? நேற்று விருந்தினர் போனபின், பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் ரூபன் சொன்னார்: 'மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கெத்சி ஒங்க டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டேன்.' நான் கேட்டேன்: 'மாப்பிள்ளை, ஜனவரி வரைக்கும்ல இருக்கச் சொன்னீங்க?' அவர் ஒரு கிண்ணத்தை மூன்றாம் முறையாகத் துடைத்தார். 'அவதான் இருக்கச் சொன்னா மாமா. இப்ப அவதான் சொல்லுதா.' நல்ல பிள்ளை. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டு என்னை நியாயப்படுத்திக்கொண்டிருப்பேன். என் இருதயக் குழாயில் இரண்டு இடங்களில் கம்பிவலை வைத்திருக்கிறார்கள்; இந்த ஒரு பயணத்துக்கே மருத்துவர் அரைமனதாகத்தான் ஒப்பினார். இனியொருமுறை இந்தக் கடலைத் தாண்ட மாட்டேன். அவளோ, நாங்கள் பிறந்த திசைக்கே இனி வரமாட்டாள் போலிருக்கிறது. ஆகவே வெள்ளி, சனி, இரண்டே நாள்கள். அதற்குள் என் மகள் என்னோடு ஒரு வார்த்தை பேசாவிட்டால், பேசாமலே நாங்கள் பிரிவோம். ஒரு மனிதன் தன் ஆயுள் முழுதும் பேசிப் பேசிச் சேர்த்தது இதுதானா?

வெங்காயம் நறுக்க வேண்டும். கேரட், செலரித்தண்டு, உருளைக்கிழங்கு, ஒரு கை பட்டாணி. கத்தி மிகக் கூர்மையானது. இந்த நாட்டில் எல்லாம் கூர்மை. காலையில் பாளையங்கோட்டையிலிருந்து என் மனைவி லீதியாள் அழைத்தாள். ரூபன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. 'ஜெபம் பண்ணுனீயளா, தீர்ப்பு வாசிச்சீயளா?' என்றாள். 'நான் ஆண்டவர்கிட்டத்தான் பேசுனேன், லீதியா.' 'ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும். அவருகிட்ட சொல்லுததுக்கு எட்டுப் பேரு எதுக்கு, கோழி எதுக்கு?' அவளே தொடர்ந்தாள். 'எம்புட்டு நேரம் ஜெபிச்சீய?' 'ஒரு பத்து நிமிசம் இருக்கும்.' 'அப்ப இருவது. கோழியே ஆறிப்போயிருக்கும், புள்ள மனசு ஆறாமயா இருக்கும்னு நெனச்சியளாக்கும்.' பை செய்யப்போவதாகச் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை, அழுகிறாளோ என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். 'வெந்நி வைக்கத் தெரியாது, பை சுடப் போறாராம். வீட்டக் கொளுத்திராதீய, அது வாடக வீடு.' பிறகு சிரிப்பு நின்றது. 'என்னங்க, அவகிட்டப் போயி எதையும் வெளக்காதீய. வெளக்குனீயன்னா நான் ஒங்களக் கூப்புட ஸ்டேசனுக்கு வரமாட்டேன்.' வெங்காயம் கண்ணைச் சுடுகிறது. நாற்பது ஆண்டுகளாக இந்தப் பெண் என் பிரசங்கங்களை முன்வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறாள். ஒருமுறைகூட நன்றாயிருந்தது என்று சொன்னதில்லை. நான் அதை அவளுடைய அடக்கம் என்றே எண்ணிவந்தேன்.

வெளக்காதீய என்றாளே, நான் விளக்கத்தான் பிறந்தவன். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத் தலைமையாசிரியன், நாற்பது ஆண்டு சபையில் அருளுரை செய்பவன். எங்கள் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வெளியார் அறியார், நாங்கள் எல்லோரும் அறிவோம், ஒருவரும் சொல்லமாட்டோம். நேரே சொல்லக் கூசுகிறதை ஜெபத்தில் சொல்லிவிடுவது. ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் சோம்பலை நீக்கியருளும். ஆண்டவரே, இந்த வீட்டு மருமகளுக்குப் பொறுமையைத் தாரும். கேட்கிறவர் கண்களை மூடியிருக்க வேண்டும், கைகளைக் கட்டியிருக்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. முடிந்ததும் ஆமென் என்று தாமே கையொப்பமும் இட வேண்டும். இதைக்காட்டிலும் வசதியான குற்றக்கூண்டு உலகில் உண்டா? அப்போது கெத்சிக்கு ஏழு வயது. கிறிஸ்துமஸுக்கென்று ஒரு வான்கோழியை மூன்று வாரங்களுக்கு முன்பே வாங்கிக் கொய்யாமரத்தில் கட்டியிருந்தோம். அவள் அதற்குப் பெயர் வைத்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் கம்பு கொடுத்தாள், கதை சொன்னாள். பண்டிகையன்று மேசையில் அதைக் கண்டு வாய் திறக்க மறுத்தாள். நான் அடிக்கவில்லை, அதட்டவில்லை, ஜெபித்தேன். இந்தச் சிறுபிள்ளையின் பிடிவாதத்தை உடைத்து நன்றியுள்ள இருதயத்தைத் தாரும் என்றேன். ஆமென் என்றாள். உண்டாள். இந்த நிகழ்ச்சியை ஜெபத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாக இருபது ஆண்டுகள் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்! சபையார் சிரிப்பார்கள், தலையசைப்பார்கள். மேடையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உண்ட பின் அவள் கொல்லைச் சுவரோரம் போய் முழுவதையும் வாந்தியெடுத்தாள். லீதியாள் சாம்பல் போட்டு அள்ளினாள். அதை நான் சன்னல் வழியே பார்த்தேன். பார்த்ததை மறந்தேன் என்று சொல்ல மாட்டேன்; எடுத்துக்காட்டுக்கு ஆகாத பகுதி என்று நீக்கிவிட்டேன். போதகம் செய்கிறவனே, உன் எடுத்துக்காட்டுகளில் நீ நீக்கிய பகுதிகளை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார். உன்னைப் பற்றிய வரலாறு அங்கேதான் கிடக்கும்.

வெண்ணெய் உருகி நுரைக்கிறது. அதில் வெங்காயம் வதங்க, மாவைத் தூவி, எலும்பு வேகவைத்த சாற்றையும் பாலையும் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டுமாம். அவசரப்பட்டால் கட்டி தட்டும். எனக்குக் கட்டி தட்டியது. கரண்டியால் நசுக்கி நசுக்கிக் கரைத்தேன். இறைச்சியையும் காய்களையும் போட்டு இறக்கிவைத்தாயிற்று. இனி மாவு. குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் உதிர்த்து, பனிக்கட்டி நீர் தெளித்துச் சேர்க்க வேண்டும். பிசையக் கூடாது, கைச்சூடு படக் கூடாது என்று அவள் கோடிட்டு வைத்திருக்கிறாள். எனக்கு மாவு என்றால் பிசைவது. அழுத்திப் பிசைந்தால்தான் மிருதுவாகும் என்று கண்டிருக்கிறேன். இங்கே அழுத்தினால் இறுகிவிடுமாம். என் உள்ளங்கையைப் பார்க்கிறேன். ஆசீர்வதிக்கவென்று எத்தனை தலைகளில் இதை வைத்தேன். ஒருவருக்கேனும் சூடாக இருந்திருக்குமோ? உடனே ஓர் உவமை எழும்புகிறது; பழைய நாய் வாசலில் காலடி கேட்டதும் எழுவதுபோல. அடங்கு. இந்த மாவு உவமையல்ல, மாவு. ஆனாலும் வேறொன்று வந்து நிற்கிறது. ஓர் ஊரில் ஒரு வைத்தியன் இருந்தான். கண்களை மூடிக்கொண்டு நாடி பார்ப்பதில் பெயர்பெற்றவன். நோயாளியின் கையைப் பிடித்ததும் நோய் என்ன, எந்தத் தவற்றால் வந்தது என்று கூடத்திலுள்ள அனைவரும் கேட்க உரத்துச் சொல்வான். ஒருநாள் ஒரு பெண் வந்தாள். அவன் கண்மூடிச் சொல்லத் தொடங்கியதும் அவள் வெட்கித் தன் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். அவனுடைய விரல்கள் தேடிச் சென்று அவனுடைய மறுகையையே பற்றிக்கொண்டன. அவன் நிறுத்தவில்லை. இந்த நாடியில் ஆணவம் ஓடுகிறது, இரக்கம் வற்றியிருக்கிறது, இந்த நோய் தீராது என்று சொல்லிக்கொண்டே போனான். கூடத்தார் ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. அப்புறம்? அப்புறம் கதை வரவில்லை. என் கதைகள் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவும் ஒரு நீதியும் இருந்தன. இதில் வைத்தியன் இன்னும் கண் திறக்கவில்லை. கேட்பவர்களே, மற்றவருடைய துயரத்துக்குக் காரணம் தேடாதீர்கள். காரணம் அறிந்தாலும் சொல்லாதீர்கள். சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், முதலில் கண்ணைத் திறந்து, எதிரே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். யாரிடம் பேசுகிறேன் நான்? சமையலறையில் ஒருவரும் இல்லை.

அடிமாவைத் தட்டில் பரப்பி, குழம்பை ஊற்றி, மேல்மாவால் மூடி, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஆவி போக நான்கு கீறல் போட்டு அடுப்புக்குள் தள்ளியாயிற்று. நாற்பத்தைந்து நிமிடம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் பயங்கரமாயிருக்கிறது. கைகளுக்கு வேலை இல்லாதபோது செவி திறந்துகொள்கிறது. நேற்றைய என் குரலே கேட்கிறது. கனத்த, ஏற்ற இறக்கமுள்ள, நானே விரும்பிய குரல். அடைக்கலமாக வந்த நாட்டுக்காக, வேலைக்காக, உணவுக்காக நன்றி சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜூன் மாதம் முதல் என் வாயில் ஒரு சொற்றொடர் ஊறிக்கொண்டிருந்தது. எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே அசைவற்றுப்போயிற்று என்று ரூபன் தொலைபேசியில் சொன்ன அன்று, கெத்சியிடம் கொடுக்கச் சொல்லி, 'எல்லாம் அவர் சித்தம்மா, நாம ஆராய்ந்து பாக்கணும்' என்றேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தாளாம், கோவிலுக்குப் போவதை விட்டிருந்தாளாம் என்று உறவினர் பேசிக்கொண்டதை நான் கேட்டுவைத்திருந்தேன். நேற்று எட்டுப் பேர் கண்மூடி அமர்ந்திருக்க, ஆவி பறக்கும் மேசைமுன், எந்தக் குறையினிமித்தம் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டீரோ அந்தக் குறையை என் மகளுக்கு உணர்த்தியருளும் என்றேன். நாற்காலி தரையில் தேய்ந்த ஓசை கேட்டது. நான் அதையும் பொருட்படுத்தாமல் இன்னும் மூன்று வாக்கியம் தொடர்ந்தேன். ஆமென் என்று நான் சொன்னபோது என்னோடு ஒருவரும் சொல்லவில்லை. கண் திறந்தேன்; அவள் இருந்த இடத்தில் கைத்துணி மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. இப்போது யோசிக்கிறேன்: மாதம் எட்டு. ஆணா பெண்ணா என்று நான் கேட்டதுண்டா? ஜூனிலிருந்து நவம்பர்வரை, இந்த வீட்டுக்கு வந்து இருபது நாள், ஒருமுறை? கேட்கவில்லை. காரணம் கேட்டேன், சித்தம் கேட்டேன், பாடம் கேட்டேன், பிள்ளையைக் கேட்கவில்லை. மேலே பலகை முனகுகிறது. உண்மையாகவே முனகுகிறது. படி. ஒரு படி. நின்றுவிட்டாள். திரும்பிவிடுவாளோ? என்ன சொல்ல வேண்டும்? மன்னித்துவிடு என்றால் அது மன்னிப்பைப் பற்றிய பிரசங்கமாகிவிடுமே. வாயே, இந்த ஒரு முறை எனக்கு உதவி செய், திறக்காதே.

அவள் வந்தாள். நேற்றைய சேலையை மாற்றிப் பழைய கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்; தலைமுடி ஒருபக்கம் அழுந்தியிருந்தது. சமையல் மேடையில் கொட்டிக்கிடந்த மைதாவை, நசுங்கிய பட்டாணிகளை, என் சட்டையைப் பார்த்தாள். 'அடுப்பு மணி அடிச்சு அஞ்சு நிமிசம் ஆச்சுப்பா. எடுக்கலியா?' என்றாள். எனக்கு மணியோசை கேட்கவே இல்லை. அவளே கையுறை மாட்டி வெளியே எடுத்தாள். மேலே நன்றாகச் சிவந்திருந்தது. இரண்டு தட்டுகளை வைத்தாள். அதை நான் எண்ணினேன், ஆம், இரண்டு. எதிரெதிரே அமர்ந்தோம். இருவருமே கரண்டியை எடுக்கவில்லை. 'ஜெபிக்கலியா?' என்றாள். குத்தலா, வழக்கமா என்று அவள் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. 'நீ பண்ணும்மா' என்றேன். எனக்குக் கலியாணமான நாள்முதல், நான் இருக்கும் மேசையில் வேறொருவர் ஜெபித்ததில்லை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள், கண்களை மூடினாள். நான் மூடவில்லை. 'ஆண்டவரே,' என்றாள், 'அப்பா கேக்குற எடத்துல இருக்கதுனால ஒம்மகிட்டச் சொல்லுதேன். அவளுக்குத் தல நெறைய முடி இருந்துச்சு. எடது கால்ல ரெண்டு வெரல் ஒட்டியிருந்துச்சு, அப்பாவுக்கு இருக்குதுல்லா, அதே மாதிரி. நர்சு துணியில சுத்திக் கையில தந்தா. மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தேன். சூடா இருந்தா. அந்தச் சூடு அவளோடதா என்னோடதான்னு எனக்குத் தெரியல.' அவளுடைய மூடிய இமைகளின் ஓரம் நடுங்குவதைப் பார்த்தேன். என் மகளின் இமைகளை நான் இதற்குமுன் பார்த்தவனல்ல. 'எந்தக் கொறைன்னு நானும் கேட்டேன் ஆண்டவரே. அப்பா நேத்துத்தான் கேட்டாங்க, நான் ஜூன்லருந்து டெய்லி கேக்கேன். நீர் எனக்குச் சொல்லல. அப்பாவுக்குச் சொல்லியிருந்தீருன்னா, அவங்களச் சொல்லச் சொல்லும்.' பிறகு அவள் காத்திருந்தாள். கண் திறக்கவில்லை, கட்டிய கையைப் பிரிக்கவில்லை. ஜெபத்துக்குள் குறுக்கே பேசக் கூடாது என்று அவளுக்குக் கற்பித்தவன் நான். பையின் கீறல்களிலிருந்து ஆவி எழுந்து மெலிந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டுச் சொற்கள் அத்தனையும் என் தொண்டைக்கு வந்தன. சித்தம், சோதனை, ஆறுதல். ஒவ்வொன்றையும் விழுங்கினேன். 'தெரியாதும்மா' என்றேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாது கெத்சி.' அவள் மூச்சு ஒன்று நீளமாக வெளியேறியது. 'ஆமென்' என்றாள். நானும் சொன்னேனா என்று நினைவில்லை, உதடு அசைந்திருக்கலாம்.

அவள் கத்தியால் கீறிப் பகிர்ந்தாள். எனக்கு ஒரு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு. 'டிக்கெட் ஞாயித்துக்கெழமதாம்ப்பா' என்றாள். 'சரிம்மா' என்றேன். அதற்குமேல் சொல்லாமலிருக்க என் முழு உடம்பும் வேண்டியிருந்தது. அவள் ஒரு வாய் வைத்தாள், மென்றாள், கரண்டியால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். 'அடிமாவு வேகலப்பா.' நான் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். 'இருக்கட்டும்' என்றாள். வேகாத இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, மீந்ததை மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினாள்.